பழைய கர்னலை அழித்துவிடாதீர்கள்

பெரம்பலூர் வெங்காய மண்டியில் கல்லாவுக்குப் பக்கத்திலும், அரியலூர் ஜெராக்ஸ் கடை மேசையிலும், மூடியில் தமிழக அரசு முத்திரை பதித்த மடிக்கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வீட்டின் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்தவை அவை. எல்காட் வழியாகக் கொள்முதல் செய்து, ஆண்டுதோறும் கொடுத்துக் கொடுத்து, மொத்தம் 50 லட்சத்தைத் தாண்டியது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. டெபியனை அடித்தளமாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. பெட்டியைப் பிரித்த நாளில் அந்தப் பெயரைத் திரையில் ஒரு தடவை பார்த்துவிட்டு, நேராக விண்டோசுக்குள் போனவர்கள்தான் அதிகம்.

இப்போது நிலைமை தலைகீழ். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியில் நின்றது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில் நின்றது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேம் கேட்கும். புதிய டிபிஎம் சில்லும் கேட்கும். 2 ஜிபியோடு வந்த இயந்திரத்தில் அது ஏறாது. ஆக, அன்று திரும்பிப் பார்க்காத லினக்சைத்தான் இன்று தேடிப் பிடித்துப் போடுகிறார்கள். போட்டதும் நன்றாகவே ஓடுகிறது. ஓரிரு ஆண்டு கழித்து, "புதிய பதிப்பு வந்திருக்கிறது, அப்கிரேடு செய்யலாமா?" என்று திரை கேட்கும். ஆம் என்று தட்டி, இரவெல்லாம் பதிவிறக்கம் ஓடி, காலையில் மறுதொடக்கம் செய்தால் வைஃபை இல்லை. அல்லது திரை வெளிச்சம் குறைய மறுக்கிறது. அல்லது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக நாலு வரி வந்து அப்படியே நிற்கிறது. "அண்ணே, அப்கிரேடு போட்டேன், செத்துப்போச்சு" என்று செந்துறைப் பக்கமிருந்து மடிக்கணினியைப் பையில் போட்டு எடுத்து வருகிற தம்பிகளை எனக்குத் தெரியும்.

அனேகமாக அது செத்திருக்காது. நேற்றுவரை இதே இரும்பை ஓட்டிய கர்னல் இன்னும் அந்த ஹார்டு டிஸ்கிலேயே படுத்திருக்கிறது. அதற்கும் புதிய கர்னலுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கர்னல் என்பது இயங்குதளத்தின் நடுவில் இருக்கும் நிரல். விசைப்பலகை, டிஸ்க், வைஃபை, திரை என்று எந்த வன்பொருளோடு பேச வேண்டுமானாலும் மற்ற நிரல்கள் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஏறக்குறைய 10,000 வரிகள் இருந்தன. இன்று அது 3 கோடி வரியைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு டிரைவர்கள். சூப்பர் கம்ப்யூட்டரிலிருந்து வீட்டு ரவுட்டர் வரை எல்லாவற்றுக்குமான டிரைவர்களும் அந்த ஒரே மூலநிரல் தொகுப்பில்தான் இருக்கின்றன. உங்கள் மடிக்கணினிக்கு அதில் மிகச் சிறிய பங்கே போதும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைத் தீர்மானிப்பதுதான் கான்ஃபிக் கோப்பு. வெறும் எழுத்துக் கோப்பு, யாரும் திறந்து படிக்கலாம். பூட் என்ற கோப்புறைக்குள் கான்ஃபிக் என்று தொடங்கி, கர்னலின் பதிப்பு எண்ணோடு முடியும் பெயரில் இருக்கும். டெபியன் போன்ற ஒரு லினக்சில் அது ஏறக்குறைய 10,000 வரி நீளம் போகும். பெரும்பாலான வரிகளில் மூன்றில் ஒரு பதில் இருக்கும். 'ஒய்' என்று இருந்தால் அந்தப் பகுதி கர்னலுக்குள்ளேயே பிணைக்கப்பட்டது. இயந்திரம் விழித்த கணத்திலிருந்து உடன் இருக்கும். 'எம்' என்று இருந்தால் அது மாட்யூல். டிஸ்கில் தனிக் கோப்பாகக் கிடந்து, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளப்படும். 'நாட் செட்' என்று இருந்தால் அந்தக் கர்னலைப் பொறுத்தவரை அப்படி ஒரு வன்பொருளே உலகத்தில் கிடையாது. அதன் பிறகு நீங்கள் எந்தக் கட்டளையைத் தட்டினாலும் பயன் இல்லை.

இந்தப் பதில்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். சில கேள்விகளே காணாமல் போகும். 386 செயலிக்கான ஆதரவை 2013இல் வந்த 3.8 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். டோர்வால்ட்ஸ் லினக்சை எழுதத் தொடங்கியதே ஒரு 386 கணினியில்தான். அதை விட்டுப் பிரிய அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. பழைய ஐடிஇ டிஸ்க் டிரைவர் தொகுப்பை 2021இல் 5.14 பதிப்பில் நீக்கினார்கள். அதே டிஸ்குகளை ஓட்ட வேறு டிரைவர் அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய கான்ஃபிக் கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு புதுக் கர்னலுக்குத் தூக்கிப்போட்டவர்கள்தான் திண்டாடினார்கள்.

சரி, பையிலிருந்து எடுத்த மடிக்கணினிக்கு வருவோம். மின்விசையை அழுத்தியதும் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சற்றுப் புதிய யூஇஎஃப்ஐ இயந்திரமானால் எஸ்கேப். எந்தக் கர்னலை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால் புதிய கர்னலுக்குக் கீழே பழையதும் பட்டியலில் நிற்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வந்துவிட்டது, திரை சரியாகிவிட்டது என்றால் கோளாறு கர்னலில் அல்லது அதைச் சுற்றியுள்ளவற்றில். பழையதிலும் அதே தொல்லை என்றால் கர்னலைத் திட்டிப் பயனில்லை.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் நேரே கர்னலைக் கம்பைல் செய்ய உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகிற அரியலூர்ச் சாலையோரக் கடைகளில் மடிக்கணினியின் காற்றுவழி முழுக்க வெள்ளைப் பொடி அடைந்திருக்கும். "அப்கிரேடுக்கு அப்புறம் ரொம்ப ஸ்லோ" என்பார்கள். கர்னல் லாக்கைப் பார்த்தால், வெப்பம் வரம்பைத் தாண்டிவிட்டது, செயலியின் வேகத்தைக் குறைக்கிறேன் என்று அதுவே நூறு தடவை எழுதிவைத்திருக்கும். பழைய கர்னலிலும் அதே வரி வரும். தேவை ஒரு பிரஷ்ஷும் கொஞ்சம் தெர்மல் பேஸ்ட்டும். டிஸ்கும் அப்படித்தான். அப்கிரேடு என்பது சில ஜிபி கோப்புகளை ஒரே மூச்சில் எழுதும் வேலை. பத்து ஆண்டு ஓடித் தேய்ந்த டிஸ்கில் அதுவரை தொடாத செக்டர்களைத் தொடும்போதுதான் பழுது வெளியே தெரியும். லாக்கில் 'ஐ/ஓ எரர்' என்று எஸ்டிஏ டிஸ்கின் பெயரோடு வரிகள் வந்தால், முதலில் படங்களையும் கணக்குகளையும் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பழைய கர்னலில் எல்லாம் சரி, புதியதில் மட்டும் கோளாறு என்றால் இனிமேல்தான் சுவாரசியம்.

எல்லாவற்றிலும் பயமுறுத்துவது 'கர்னல் பேனிக்'. ரூட் ஃபைல்சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி, கடைசியில் 'அன்னோன்-பிளாக்' என்றும் அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் இரண்டு பூச்சியங்களும் காட்டும் வரி. இதைப் பார்த்ததும் டிஸ்க் போய்விட்டது என்றே பலர் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் அந்த இரண்டு பூச்சியங்களுக்கும் பொருள், கர்னல் எந்த டிஸ்கையுமே பார்க்கவில்லை என்பதுதான். ஏன் பார்க்கவில்லை? டிஸ்க் டிரைவர், ஃபைல்சிஸ்டம் டிரைவர் எல்லாம் பொதுவான லினக்ஸ்களில் பெரும்பாலும் 'எம்', அதாவது மாட்யூல். மாட்யூல்கள் இருப்பது டிஸ்கில். டிஸ்கைப் படிக்கத் தேவையான டிரைவர் டிஸ்குக்குள்ளேயே இருந்தால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இதற்காகத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்பை வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு வேண்டிய மாட்யூல்களை மட்டும் சுருக்கிக் கட்டிய அதை, கர்னலோடு சேர்த்து கிரப்பே நினைவகத்தில் ஏற்றிவிடும். கர்னல் அதிலிருந்து டிஸ்க் டிரைவரை எடுத்துக்கொண்டு, பிறகு உண்மையான டிஸ்கைத் திறக்கும்.

அப்கிரேடின்போது புதிய கர்னல் கோப்பு வந்து இறங்கிய பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் இந்தத் தொகுப்பை உங்கள் இயந்திரத்திலேயே கட்டுகிறார்கள். அந்தக் கட்டத்தில் கரண்ட் போனால்? இந்த மடிக்கணினிகளில் பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருக்கும். சார்ஜரில் மட்டுமே ஓடுகிறவை அவை. ஒரு நொடி மின்வெட்டே போதும், கர்னல் இருக்கும், தொகுப்பு இருக்காது. பூட்டுக்கென்று தனியாக ஒதுக்கிய சிறு பகிர்வு நிறைந்துபோனாலும் இதே விளைவுதான். தொகுப்பை எழுத இடமில்லாமல் பாதியில் நின்றுவிடும். தீர்வு எளிது. பழைய கர்னலில் நுழைந்து, முடியாமல் நின்ற தொகுப்பு நிறுவலை டிபிகேஜி வழியாக முடித்து, புதிய பதிப்பு எண்ணைச் சொல்லி இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டச் சொன்னால் போதும். இடம் இல்லையென்றால் மிகப் பழைய கர்னல்களை நீக்கலாம். ஆனால் கடைசியாக நன்றாக ஓடிய ஒன்றை மட்டும் தொடவே கூடாது. பழைய கர்னல்களைத் துடைத்துவிடும் 'ஆட்டோரிமூவ்' கட்டளையைப் புதிய கர்னலில் ஒரு வாரமாவது வேலை பார்த்துவிட்டுத் தட்டினால் போதும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பயோசில் டிஸ்க் முறையை ஐடிஇயிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றினால் வேகம் கூடும் என்று யாரோ சொல்லக் கேட்டு மாற்றிவிடுவார்கள். இந்த இயந்திரத்துக்குத் தேவையானதை மட்டும் சேர் என்று டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் யாராவது முன்பே மாற்றி வைத்திருந்தால், புது முறைக்கான டிரைவர் தொகுப்பில் இருக்காது. பயோசைப் பழையபடி வைத்தால் இயந்திரம் எழுந்துவிடும்.

அடுத்தது வைஃபை. எங்கள் பக்கம் அதிகம் கேட்கிற புகார் இதுதான். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு: டிரைவர், ஃபர்ம்வேர். டிரைவர் கர்னலின் பகுதி. ஃபர்ம்வேர் என்பது வைஃபை சில்லுக்குள்ளேயே ஓட வேண்டிய சிறு நிரல். ஒவ்வொரு முறை இயந்திரம் எழும்போதும் டிரைவர் அதை டிஸ்கிலிருந்து எடுத்துச் சில்லுக்குள் ஊட்டும். பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையை எண்களோடும் டிரைவர் பெயரோடும் கேட்டால், வைஃபைக்கு எதிரே இரண்டு எண்கள் தெரியும். முதலாவது தயாரிப்பாளரைச் சொல்லும். 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 8086 என்றால் இன்டெல். தன் புகழ்பெற்ற சில்லின் எண்ணையே இன்டெல் தன் அடையாள எண்ணாக எடுத்துக்கொண்டது. அதன் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை. வரி இருந்தும் வைஃபை இல்லையென்றால், லாக்கில் ஃபர்ம்வேரைத் தேடுங்கள். ஒரு கோப்பின் பெயரும், ஏற்ற முடியவில்லை என்ற செய்தியும், கூடவே மைனஸ் 2 என்ற எண்ணும் இருக்கும். மைனஸ் 2 என்றால் அப்படியொரு கோப்பே இல்லை என்று அர்த்தம். சில்லு பழுதாகவில்லை.

கோப்பு எங்கே போனது? டெபியனில் இதற்கு ஒரு கதை உண்டு. மூலநிரல் திறந்து தரப்படாத ஃபர்ம்வேரை நிறுவியோடு சேர்ப்பதா வேண்டாமா என்று அந்தச் சமூகம் பல ஆண்டுகள் சண்டை போட்டு, 2022இல் வாக்கெடுப்பு நடத்திச் சேர்க்கலாம் என்று முடிவெடுத்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் ஃபர்ம்வேருக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை உருவாக்கினார்கள். புதிதாக நிறுவியவர்களுக்கு அது தானாக வந்தது. பழையதிலிருந்து அப்கிரேடு செய்தவர்கள், சோர்சஸ் பட்டியலில் பதிப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் புதிய பிரிவைச் சேர்க்காமல் விட்டார்கள். புதிய கர்னலின் டிரைவர் புதிய ஃபர்ம்வேர் கோப்பைக் கேட்கும். டிஸ்கில் பழையதுதான் கிடக்கும். பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்து, தொகுப்பை நிறுவினால் முடிந்தது. வைஃபை இல்லாமல் எப்படிப் பதிவிறக்குவது என்றால், மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கைப் போடுங்கள்.

சில பிராட்காம் சில்லுகள் மட்டும் வேறு ரகம். அவற்றின் டிரைவர் கர்னலுக்கு வெளியே இருப்பது. கர்னல் மாறும் ஒவ்வொரு தடவையும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைப் புதிதாகக் கம்பைல் செய்யும். அதற்குப் புதிய கர்னலின் ஹெடர் தொகுப்பு வேண்டும். அது இல்லையென்றால் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போய்விடும்.

திரை வெளிச்சத்துக்கு வருவோம். மண்டியில் விளக்கணைத்த பிறகும் முழு வெளிச்சத்தில் கண்ணைக் குத்தும் திரையோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், எஃப்என் விசை தேய்ந்துவிட்டது என்று புது விசைப்பலகைக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். விசையில் குற்றமில்லை. பழைய மடிக்கணினியில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் இருக்கலாம்: பயோஸ் தரும் ஏசிபிஐ வழி, தயாரிப்பாளரின் தனி வழி, கிராபிக்ஸ் சில்லை நேரடியாகத் தொடும் வழி. முன்பு கர்னல் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பதிவு செய்து, எது சரி என்று மேலே இருக்கும் நிரல்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். 2022 இறுதியில் வந்த 6.1 பதிப்பில் அதைத் திருத்தி, ஒரே ஒரு வழியை மட்டும் கர்னலே தேர்ந்தெடுக்கும்படி செய்தார்கள். அந்த வேலையைச் செய்தவர் ஹான்ஸ் டி கூட என்ற கர்னல் நிரலாளர். சில பழைய மாடல்களில் தேர்வு தவறலாம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் சோதித்துச் சொல்லுங்கள் என்று அப்போதே வெளிப்படையாகக் கேட்டார். டெபியன் 12 வந்ததும் அதே 6.1 கர்னலோடுதான்.

சிஸ் என்னும் கோப்புறையின் கிளாஸ் பகுதியில் பேக்லைட் என்று ஒரு துணைக் கோப்புறை இருக்கும். பழைய கர்னலில் அதற்குள் என்ன பெயர்கள் இருந்தன, புதியதில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழையதில் ஏசிபிஐ, இன்டெல் என்று இரண்டு இருந்து, புதியதில் ஒன்று மட்டும் இருந்தால், காணாமல் போனதுதான் உங்களுக்கு வேலை செய்த வழி. கிரப் மெனுவில் கர்னல் வரியில் நின்று 'இ' விசையைத் தட்டி, ஏசிபிஐ-பேக்லைட் என்ற அளவுருவுக்கு வீடியோ, வெண்டார், நேட்டிவ் ஆகிய மூன்று மதிப்புகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே எழுதுவது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். தவறினால் அணைத்துப் போட்டால் பழையபடி. வேலை செய்வதை மட்டும் கிரப் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக்குங்கள். விசைப்பலகைக்கு வைத்த பணம் மண்டிக்காரருக்கு மிச்சம்.

கர்னலைக் கம்பைல் செய்யாமலே அதன் நடத்தையை மாற்ற இப்படி நிறைய அளவுருக்கள் உண்டு. 2014ஐ ஒட்டிப் பே டிரெயில் தலைமுறை செலரான் சில்லோடு வந்த சிறு மடிக்கணினிகள் திடீர் திடீரென்று உறைந்துபோகும். மவுஸ் அசையாது, லாக்கிலும் ஒன்றும் இருக்காது. செயலி ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போய்த் திரும்பி வர முடியாமல் சிக்கிக்கொள்வதுதான் காரணம். கர்னல் பிழைப் பட்டியலில் 109051 என்ற எண்ணில் இந்தப் புகார் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இன்டெல்-ஐடில் அளவுருவில் தூக்க நிலையின் உச்சத்தை 1 என்று கட்டுப்படுத்தினால் உறைவது நிற்கும். பேட்டரி மட்டும் சீக்கிரம் இறங்கும். செத்த பேட்டரிக்காரர்களுக்கு அதிலும் கவலையில்லை.

இத்தனைக்கும் பிறகு கான்ஃபிக்கிலேயே கை வைக்க வேண்டிய நிலை அபூர்வமாக வரும். அப்போது பூட் கோப்புறையில் உள்ள இரண்டு கான்ஃபிக் கோப்புகளையும் ஒப்பிடுங்கள். கர்னல் மூலநிரலின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் டிஃப்கான்ஃபிக் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. எது போயிற்று, எது வந்தது, எது மாறியது என்பதை மட்டும் காட்டும். உங்கள் சாதனத்தின் டிரைவர் 'எம்'மிலிருந்து 'நாட் செட்' ஆகியிருந்தால் குற்றவாளி சிக்கிவிட்டது.

புதுக் கர்னலைக் கட்ட முடிவெடுத்தால், பழைய இரட்டைக் கரு மடிக்கணினியில் முழு டெபியன் கான்ஃபிக்கோடு உட்காராதீர்கள். மணிக்கணக்கில் ஓடும், டிஸ்கையும் விழுங்கும். ஸ்டீவன் ரோஸ்டெட் 2009இல் 2.6.32 பதிப்புக்குச் சேர்த்த லோக்கல்மாட்கான்ஃபிக் உதவும். இந்த நிமிடம் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் பார்த்து, மற்ற மாட்யூல்கள் அனைத்தையும் கான்ஃபிக்கிலிருந்து கழித்துவிடும். வேலை பல மடங்கு சுருங்கும். ஆனால் அதைத் தட்டும் நேரத்தில் பென் டிரைவ், பிரிண்டர், யூஎஸ்பி வைஃபை, டெதரிங் போடும் மொபைல் எல்லாம் செருகியிருக்க வேண்டும். செருகாதது எதுவும் புதிய கர்னலுக்குத் தெரியாது. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அது வாடிக்கையாளர் பென் டிரைவோடு வந்து நிற்கும்போதுதான் புரியும்.

டெபியனின் கான்ஃபிக்கை எடுத்துக் கட்டுகிறவர்கள் தொடக்கத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நம்பகமான சாவிகள் என்ற வரியில் டெபியனின் சான்றிதழ்க் கோப்பின் பெயர் இருக்கும். அந்தக் கோப்பு உங்களிடம் இருக்காது. மேற்கோள் குறிகளுக்குள் காலியாக விட்டுவிடுங்கள். டீபக் தகவலையும் அணைத்துவிடுங்கள், இடமும் நேரமும் மிச்சமாகும். முடிந்தால் வேறொரு வேகமான கணினியில் டெப் தொகுப்பாகவே கட்டி, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவலாம்.

கடைசியாக ஒரு சங்கதி. இதற்கு எந்தக் கான்ஃபிக்கும் உதவாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான கர்னலும் நிறுவியும் கிடையாது. 32 பிட்டில் இருப்பவர்கள் அப்கிரேடு செய்யவே வேண்டாம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். 2 ஜிபி ரேம் காலத்தில் 32 பிட் லினக்சைப் போடுவதே வழக்கம் என்பதால், பலருடைய மடிக்கணினியில் இன்றும் அதுதான் இருக்கிறது. ஆனால் இயங்குதளம் 32 பிட் என்பதால் செயலியும் 32 பிட் என்று ஆகிவிடாது. எல்எஸ்சிபியு கட்டளை தரும் விவரத்தில், சிபியு ஆப்-மோடு என்ற வரியைப் பாருங்கள். 2011 வாக்கில் வந்த பென்டியம், செலரான், கோர் ஐ3 எல்லாவற்றிலும் 32, 64 இரண்டும் இருக்கும். அப்படியிருந்தால் கோப்புகளை நகலெடுத்துவிட்டு, 64 பிட் டெபியனை எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி போன்ற லேசான திரைச்சூழலோடு புதிதாக நிறுவுங்கள். 2008-09இல் வந்த ஆட்டம் என்270 போன்ற சில்லில் 32 மட்டும்தான் இருக்கும். அதை டெபியன் 12லேயே விட்டுவிடலாம். நீண்டகாலப் பாதுகாப்பு அப்டேட் 2028 ஜூன் வரை வரும்.